இளமை விற்கிறார்கள், ஜாக்கிரதை!

சங்கத்தின் கூலி உயர்வுப் போஸ்டரை ராத்திரி ஒட்டினால், பொழுது விடிவதற்குள் கிழித்துப் போட ஆள் வந்துவிடுகிறது. ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு போஸ்டரை மட்டும் யாரும் தொடுவதில்லை. பஸ் நிலையத்துக் கழிப்பறைச் சுவரில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மின்கம்பத்தில், டாஸ்மாக் கடை வாசலில், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அது அசையாமல் நிற்கிறது. ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? நாற்பதைத் தாண்டிவிட்டீர்களா? இழந்த இளமையை மீட்டுத் தருகிறோம்! இன்ன தேதி கடலூரில், இன்ன தேதி சிதம்பரத்தில், இன்ன லாட்ஜில், இத்தனையாம் நம்பர் அறையில்.

சுவர் போதாதென்று இப்போது செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டார்கள். அங்கே லேகியத்துக்குப் பெயர் வேறு. "டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்" என்கிறார்கள். டப்பா புதிது, புரட்டு பழையது.

இதைப் பற்றி எழுத நமக்கே நீண்ட நாள் தயக்கம் இருந்தது. கூலி, போனஸ், நிலம், ரேஷன் என்று எழுதுகிற பத்திரிகையில் படுக்கையறை விஷயமா என்று சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் இந்த வியாபாரிகளுக்கு முதலீடு எது? நம்முடைய வெட்கம்தான். நாம் வாய் திறக்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வட்டி ஏறுகிறது. ஆகவே எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளியின் கதை இது. பெயரும் ஊரும் வேண்டாம். சர்க்கரை ஆலையில் சீசன் வேலை. சீசன் முடிந்தால் நாற்று பறிக்கவும் கட்டு சுமக்கவும் போவார். வயது 53. ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி நின்றார். "அண்ணே, வெளியில சொல்லிடாதீங்க. எனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். என்ன முடிந்தது என்று கேட்டோம். உடம்பு அசதி, மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, மனைவியோடு சேர்ந்திருக்க முடியவில்லை. மூன்று வருஷமாக இப்படி.

இந்த மூன்று வருஷத்தில் அவர் லாட்ஜ் வைத்தியனிடம் மூன்று தடவை போயிருக்கிறார். முதல் தடவை 6,500 ரூபாய். மொத்தம் 19,000. பணம் எங்கிருந்து வந்தது? கூரையை மாற்றுவதற்காக மனைவி சுய உதவிக் குழுவில் எடுத்து வைத்திருந்த கடன். வாரா வாரம் அந்த அம்மாள் நடவுக் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது கூரைக்கு அல்ல, லேகியத்துக்கு. அவருக்கு அது தெரியாது. இவரோ குற்ற உணர்ச்சியில் குடித்தார். குடித்துவிட்டு, "இப்ப நான் ஒனக்கு வேணாம்ல" என்று மனைவியையே சந்தேகப்பட்டார். அடித்தும் இருக்கிறார். அதையும் அவரே சொன்னார், தலை குனிந்து. நாம் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டோம்.

கடைசியில் உண்மை வெளியே வந்தது எப்படித் தெரியுமா? காலில் குத்திய முள் ஆறவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தத்தில் சர்க்கரை 340! அசதிக்கும், ராத்திரி எழுந்திருப்பதற்கும், அந்தப் பலவீனத்துக்கும் பெரும்பங்கு காரணம் அதுதான் என்று டாக்டர் விளக்கினார். மூன்று வருஷம் முன்னால் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லாட்ஜ் வைத்தியன் மூன்று தடவையும் நாடி பிடித்துப் பார்த்தான். ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் போய்விடுமே! ஒரு கால் விரலை எடுக்க வேண்டி வந்தது.

ஏரி வற்றுவதும் கரை உடைவதும்

வயதானால் ஆணுடைய உடம்பில் மாற்றமே வருவதில்லையா? வருகிறது. அதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. விஞ்ஞானம் சொல்வதை உள்ளபடி சொல்வோம்.

ஹார்மோன் என்பது உடம்பின் ஒரு சுரப்பியில் ஊறி, ரத்தத்தோடு போய், வேறோர் உறுப்பை "இதைச் செய்" என்று ஏவும் ரசாயனப் பொருள். ஆணுக்கு முக்கியமானது டெஸ்டோஸ்டிரோன். பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. மீசை, கட்டைக் குரல், தசைக் கட்டு, எலும்பின் உறுதி, ரத்தத்தின் சிவப்பணு, காம இச்சை எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. விடியற்காலையில் ரத்தத்தில் அளவு அதிகமாக இருக்கும், சாயந்திரம் இறங்கியிருக்கும்.

பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. சில வருஷங்களுக்குள் அவர்களுடைய ஹார்மோன் சரசரவென்று இறங்கிவிடுகிறது. அந்த வேதனையோடுதான் நம் வீட்டுப் பெண்கள் சேற்றில் குனிந்து நடவு நடுகிறார்கள்; அதற்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை. ஆணுக்கு இப்படி ஒரு திடீர் இறக்கம் கிடையாது. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் மெள்ள மெள்ளக் குறைகிறது. கோடையில் வீராணம் ஏரி இறங்குவது போல. கரை உடைந்து ஒரே ராத்திரியில் ஓடிவிடுவது போல அல்ல. லாட்ஜ்காரன் விற்பது இந்தக் கரை உடைந்த பயத்தைத்தான்.

ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைச் சோதித்து 2010-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஹார்மோன் குறைந்து, அதனோடு சேர்ந்த அறிகுறிகளும் உள்ளவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்குச் சுமார் 2 பேர்! மீதி 98 பேரில் அசதியும் சோர்வும் உள்ளவர்கள் இல்லையா? நிறைய உண்டு. ஆனால் அதற்குக் காரணம் வேறு.

அந்த இரண்டு பேரை நாம் கேலி செய்யவில்லை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்கள், அடிபட்டவர்கள், பிட்யூட்டரியில் கட்டி உள்ளவர்கள் என்று உண்மையாகவே ஹார்மோன் வற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியமும் இருக்கிறது. காலை வேளையில் ரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். பிறகு டாக்டர் மேற்பார்வையில் மருந்து. நாடி பார்த்தோ, நாக்கைப் பார்த்தோ, முகத்தைப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க எவனாலும் முடியாது.

குரங்குச் சுரப்பி முதல் கம்பெனி மருந்து வரை

இளமை வியாபாரம் நம்மூர் லாட்ஜில் பிறந்ததல்ல. 1889-ல் பாரிஸ் நகரத்தில் பிரௌன் செக்கார் என்ற பிரபல விஞ்ஞானி, 72 வயதில், நாயின் விதையையும் கினிப் பன்றியின் விதையையும் அரைத்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, "வாலிபம் திரும்பிவிட்டது" என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். உலகமெங்கும் அந்தச் சாறு விற்றுத் தீர்ந்தது. ஆனால் தண்ணீரில் அரைத்தால் இந்த ஹார்மோன் அதில் அநேகமாக வராது. அவர் செய்த முறைப்படியே 2002-ல் ஆஸ்திரேலியாவில் மறுபடி செய்து பார்த்தார்கள், பயன் தரும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. கிழவருக்குத் திரும்பியது வாலிபமல்ல, நம்பிக்கை. 1920-களில் அதே பாரிஸில் வோரனாப் என்ற டாக்டர் குரங்கின் விதையைச் சீவல் சீவலாக அறுத்துக் கோடீசுவரர்களின் உடம்பில் தைத்தார். மனித உடம்பு குரங்குச் சதையை ஏற்கவில்லை. காசு மட்டும் டாக்டரின் பையில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு படித்த பணக்காரர்களே ஏமாந்தார்கள் என்றால், நம் தொழிலாளி ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?

உண்மையான விஞ்ஞானிகள் வேறு பாதையில் போனார்கள். ஜெர்மனியில் புட்டெனான்ட் 1931-ல் போலீஸ்காரர்களின் சிறுநீரை ஆயிரக்கணக்கான லிட்டர் திரட்டி, அதிலிருந்து சில மில்லிகிராம் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். (உலகத்தில் போலீஸால் விஞ்ஞானத்துக்கு விளைந்த நன்மைகளில் இதுவும் ஒன்று!) 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை எடுத்தார்கள். அதே வருஷம் அதைச் செயற்கையாகவும் தயாரித்துவிட்டார்கள். 100 கிலோவில் 10 மில்லிகிராம்! லேகிய உருண்டையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானம் பிறந்ததும் முதலாளி வந்தான். நோயாளிக்காகக் கண்டுபிடித்த மருந்தை நோயில்லாதவனுக்கும் விற்றால்தானே லாபம்? அமெரிக்காவில் "உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவோ?" என்று டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, விளையாடினால் களைக்கிறதா என்று பத்துக் கேள்வி. ஐம்பது வயதில் சாப்பிட்டதும் தூக்கம் வராதவன் யார்? 2001-க்கும் 2011-க்கும் இடையில் அந்த நாட்டில் நாற்பதைத் தாண்டிய ஆண்களிடம் இந்த மருந்தின் உபயோகம் மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. 2015-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவே, வயதானதால் மட்டும் அளவு குறைந்தவர்களுக்கு இந்த மருந்தின் பலனும் பத்திரமும் நிரூபிக்கப்படவில்லை என்று மருந்துச் சீட்டில் எழுத உத்தரவிட வேண்டி வந்தது. 2023-ல் முடிவு வெளியான பெரிய சோதனையில், ஹார்மோன் குறைவும் இருதய நோய் அபாயமும் உள்ள 5,200-க்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். மாரடைப்பு அதிகமாகவில்லை, அது நல்ல செய்திதான். ஆனால் இருதயத் துடிப்புத் தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும், சிறுநீரகக் கோளாறும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம். எலும்பு வலுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எலும்பு முறிவும் கூடுதலாக இருந்தது. தேவைப்பட்டவனுக்கு டாக்டர் கண்ணெதிரில் கொடுக்க வேண்டிய மருந்து இது. ஜிம்மிலும் செல்போனிலும் வாங்க வேண்டிய சரக்கு அல்ல.

"லேகியம் சாப்பிட்டதும் வேலை செய்ததே" என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். செய்யும்! ஏன் என்றால் "மூலிகை" என்று விற்கும் இப்படிப்பட்ட சரக்குகள் பலவற்றில் சில்டெனாபில் என்ற அலோபதி மாத்திரையைப் பொடி செய்து கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துச் சோதனைச் சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைச் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டப்பாவில் இன்னது கலந்திருக்கிறது என்று எழுதியா வைத்திருக்கிறான்? சித்த மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் லாட்ஜில் அறை எடுப்பதில்லை.

தூக்கத்தைத் திருடியவன் யார்?

அப்படியானால் நம்முடைய உழைப்பாளிகளின் உடம்பு ஏன் ஐம்பதிலேயே ஓய்ந்துபோகிறது? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைப் போஸ்டர் கேட்காது. நாம் கேட்போம்.

2011-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் பத்து ஆரோக்கியமான வாலிபர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகலில் ரத்தத்தை அளந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியிருந்தது. தோழர்களே, கவனியுங்கள். வயது காரணமாக இறங்குவது வருஷத்துக்கு 1 சதவீதம். தூக்கத்தைக் குறைத்தாலோ ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து வருஷக் குறைவு! இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்காவரை போயிருக்க வேண்டாம். மூன்று ஷிப்ட் மாறி மாறிப் போகும் எந்த மில் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? ஆள் குறைத்து ஓவர்டைம் வாங்கும் நிர்வாகம் அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தூக்கத்தோடு போனது என்ன என்று அவருக்கே தெரியாமல், லாட்ஜ் படியேறுகிறார். ஒருவன் திருடினான், இன்னொருவன் அந்தத் திருட்டுக்கு வைத்தியம் என்று மறுபடி திருடுகிறான்.

அடுத்தது சர்க்கரை வியாதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள புதுச்சேரியில் 26 பேர்! இது பணக்காரன் வியாதி என்று இன்னமும் நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. பருப்புக்கும் முட்டைக்கும் கூலி எட்டுவதில்லை. சர்க்கரை கூடினால் ரத்தக் குழாயும் நரம்பும் கெடுகின்றன. அதோடு தொப்பையும் போட்டால் ஆண் ஹார்மோனும் குறைகிறது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் இருதயத்துக்குப் போகும் குழாயை விடச் சிறியது. ஆகவே அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். பல பேருக்கு நெஞ்சு வலி வருவதற்குச் சில வருஷம் முன்பே தெரியும். ஐம்பது வயதுக்காரருக்கு இந்தப் பலவீனம் வந்தால் அது அவமானம் அல்ல, அபாய மணி! மணியடிக்கிறபோது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவனை லாட்ஜுக்கு அழைத்துப் போய் மணியின் நாக்கை அறுத்துவிடுகிறான் இந்த வைத்தியன். அவனால் போன 19,000 ரூபாயை விட இந்தக் கொடுமைதான் பெரியது.

பீடியும் புகையிலையும் ரத்தக் குழாயைச் சுருக்குகின்றன. சாராயம் விதையையும் ஈரலையும் சேர்த்தே கெடுக்கிறது. 2003 முதல் சில்லறைச் சாராயக் கடையைச் சர்க்காரே நடத்துகிறது. அந்தக் கடையின் சுவரிலேயே ஆண்மைப் போஸ்டர். என்ன பொருத்தம்!

விஷ மருந்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விதை ஒரு தொழிற்சாலை; விந்தணு, ஹார்மோன் என்று இரண்டு உற்பத்தி. 1977-ல் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளிகள் தமக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் உறைத்தது: அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு யாருக்குமே குழந்தை பிறக்கவில்லை! சோதித்தால், பல பேருக்கு விந்தணு இல்லை, அல்லது மிகக் குறைவு. டி.பி.சி.பி. என்ற மருந்து எலிகளின் விதையைச் சுருங்கச் செய்கிறது என்பது 1961-லேயே அச்சாகியிருந்தது. கம்பெனிகளுக்குத் தெரியும், தொழிலாளிக்குத்தான் தெரியாது. கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த என்டோசல்பான், அங்கிருந்த பள்ளிப் பையன்களின் பருவ வளர்ச்சியைத் தாமதப்படுத்தி, ஆண் ஹார்மோன் உற்பத்தியையும் பாதிக்கலாம் என்று அகமதாபாத் தொழில் சுகாதார நிலைய ஆய்வு 2003-ல் காட்டியது. ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் தடை செய்தது. பண்ருட்டியிலும் முந்திரி உண்டு. கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள் உண்டு. சிதம்பரம் வயல்களில் கைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டு கூட இல்லாமல் மருந்தடிக்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் சோர்ந்துபோனால் "வயசாயிடுச்சு" என்கிறான் காண்ட்ராக்டர். வயதாகத்தான் செய்யும். ஆனால் எந்தச் சோர்வு வயதால், எந்தச் சோர்வு விஷத்தால் என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

சட்டம் இருக்கிறது, சர்க்கார் எங்கே?

1954-லேயே பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. மருந்து, மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம். காம சக்தியைக் கூட்டித் தருவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அடுத்த தடவை ஒரு வருஷம் வரை. போலீஸ் தானாகவே வழக்கு எடுக்கக்கூடிய குற்றம். ஹம்தர்த் கம்பெனி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிமன்றம் 1959 டிசம்பரில் வெட்டியது. ஆனாலும் இப்படிப்பட்ட வியாபார விளம்பரம் பேச்சுரிமை ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போஸ்டர் ஒட்டியவன் பெயரும் போன் நம்பரும் லாட்ஜ் அறை நம்பரும் சுவரிலேயே அச்சடித்து இருக்கிறது. இதைவிடச் சுலபமாகக் குற்றவாளியைப் பிடிக்க முடியுமா? தொழிற்சங்க ஊர்வலத்தில் நின்றவனை முகம் பார்த்து அடையாளம் சொல்கிற போலீஸுக்கு இந்த எழுத்து மட்டும் தெரியவில்லை.

மத்திய சர்க்காரின் லட்சணம் இன்னும் விசேஷம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன்கூட்டியே லைசென்ஸ் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்ற 170-ஆம் விதியை 2018-ல் அதுவே கொண்டுவந்தது. கம்பெனிகள் கூச்சல் போட்டன. 2024-ல் ஒரு பக்கம் பதஞ்சலி கம்பெனி தன் விளம்பரப் பொய்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது; மறுபக்கம் அதே வருஷம் ஜூலையில் சர்க்கார் அந்த விதியையே நீக்கியது! உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்து, அந்தத் தடையையும் விலக்கிக்கொண்டது. யாருக்குக் கொண்டாட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நம் தலையில் கட்டியபோது, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளிகளுக்கு வருஷா வருஷம் இலவச உடல் பரிசோதனை என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்தத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் வாயால் சொன்னதைச் செய் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் எந்தெந்த ஆலை, எத்தனை பேருக்கு, என்னென்ன பரிசோதனை செய்தது? பட்டியலை ஆலை வாசலில் ஒட்டட்டும். நாளுக்கு ஒரு வயல், நாளுக்கு ஒரு மிராசு என்று கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கு இந்தப் பரிசோதனையை எந்த முதலாளி தருவான்? அதைச் சர்க்கார்தான் தர வேண்டும்.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் காமராஜர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் வாரக் கணக்கில் போராடிய பிறகு 2021-ல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக ஆயிற்று. போராட்டத்தால் மக்களுக்கு வந்த சொத்து அது. அங்கே நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வாரம் ஒரு நாள் தனிப் பிரிவு வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் காலை நேர ஹார்மோன் பரிசோதனை, எல்லாம் காசில்லாமல். புறநோயாளிச் சீட்டு காலையில் மட்டும் என்றால் அன்றையக் கூலி போகிறது. கூலிக்காரன் வரமாட்டான், லாட்ஜுக்குத்தான் போவான். அங்கேதான் ராத்திரி எட்டு மணிக்கும் கதவு திறந்திருக்கிறது! ஆகவே சாயந்திரமும் டாக்டர் இருக்க வேண்டும். நடுங்கிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து, "இந்த வயசுல ஒனக்கு எதுக்குய்யா" என்று சிரிக்காத டாக்டராக இருக்க வேண்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டை தூக்க முடியாதவனைப் பார்த்து "பொட்டை" என்று கிண்டல் செய்கிற வழக்கம் நம் சங்க ஆபீஸ் திண்ணையிலும் உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நம்மவன் மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை. லாட்ஜ்காரனுக்கு நாம் கொடுத்த கமிஷன் அது. பலம் குறைந்தால் ஆண் இல்லை, பெண் என்றால் பலவீனம் என்ற இந்தப் புத்தி பண்ணையார் விட்டுப்போன எச்சில். அவருடைய மனைவி அதே வயதில், அதே வயலில், குறைந்த கூலிக்குக் கட்டு சுமந்துகொண்டுதான் இருந்தார்.

அவர் இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. உடம்பு ஓரளவு தேறியிருக்கிறது, முழுக்க அல்ல. மனைவியிடம் கடன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த லாட்ஜு எங்க இருக்கு, காட்டு" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் முகாம் என்று புதுப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். தேதியும் அறை நம்பரும் குறித்து வைத்திருக்கிறோம். 1954-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டி நகரப் போலீஸ் நிலையத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் இந்த வாரம் மனுக் கொடுக்கிறோம். அன்று காலை பத்து மணிக்கு அந்த லாட்ஜ் வாசலில் நாமும் இருப்போம். அந்த அம்மாளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.